எங்கள் மாடி வீட்டு அம்பாசடர்காரர்

மதுரையில் குடிவந்த முதல் நாளே திட்டு வாங்கினேன். சாமான் ஏற்றிவந்த டெம்போ கேட்டுக்குக் குறுக்கே நின்றது. "ஆம்புலன்ஸ் வந்தா எந்த வழியா போகும்? யோசிக்க மாட்டீங்களா?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்தரைக்கு மொட்டை மாடி ஏறித் தொட்டியை எட்டிப் பார்ப்பார், இறங்கி வந்து மோட்டாரை நிறுத்துவார், கேட் கொண்டியை இழுத்துப் பார்ப்பார். வணக்கம் சொன்னால் ஒரு 'ம்', அவ்வளவுதான். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஸ்வீடன் எழுத்தாளர் ஃபிரெட்ரிக் பேக்மனின் 'எ மேன் கால்ட் ஓவே' படித்தேன். 2012இல் ஸ்வீடிஷில் வந்த நாவல். மனைவியை இழந்த 59 வயது ஓவேயும் தினமும் காலையில் குடியிருப்பைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் சரிபார்க்கிறவர்தான். பக்கத்து வீட்டுக்கு வரும் பர்வானே அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடச் சொல்கிறாள், கார் ஓட்டச் சொல்லித்தரக் கேட்கிறாள். செத்துப்போகலாம் என்றிருந்த மனுஷருக்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவில்லை. நேராக அவர் கதவைத் தட்டினேன். சட்டைப் பையில் டெஸ்டரோடு வந்தார். "கண்டன்சர் போயிருக்கும்மா. ரெண்டரை மைக்ரோஃபேரட்னு கேட்டு வாங்கிட்டு வா." மாட்டுவதற்கு முன் அதன் மேல் பேனாவால் அன்றைய தேதியை எழுதினார். எத்தனை வருஷம் உழைக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

காபி குடிக்கும்போது ஓவே கதையைச் சொன்னேன். ஓவே சாப் கார்தான் ஓட்டுவார், நண்பர் ரூனே வோல்வோ. அதிலேயே இருவருக்கும் வருஷக்கணக்கில் மனஸ்தாபம்.

"இங்க அம்பாசடரும் பியட்டும் மாதிரி" என்றார். முகம் அப்படியே மாறியது. அவர் வைத்திருந்தது அம்பாசடர். கீழ் வீட்டுப் பெரியவருடையது பியட். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கழுவுவார்களாம். அப்புறம் சம்ப் தண்ணீரில் ஒரு தகராறு. ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

"சாப் கம்பெனி இப்ப இருக்கா?"

"2011ல திவாலாயிடுச்சு சார்."

"அம்பாசடர் 2014ல நின்னுச்சு" என்றார் உடனே. கொஞ்சம் கழித்து, "அவங்க ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

ரூனேவுக்கு மறதி நோய் வந்ததையும், அவரைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்ததையும், ஓவே அதை எதிர்த்து நின்றதையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

பத்து நாள் இருக்கும். கீழ் வீட்டுப் பெரியவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, பேப்பர் படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் பால் வாங்க இறங்கினேன். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தவர், தலைப்புச் செய்தியில் இருந்து வரி விடாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

"சத்தமாப் படிய்யா!"

"ஊருக்கே கேக்குது, உனக்குக் கேக்கலையா?"

கட்டு பிரித்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் இப்போது நன்றாகவே படிப்பார், ஆனாலும் பேப்பரைத் தொடுவதில்லை, இவர் வரும் வரை காத்திருக்கிறார். நேற்று இருவரும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இரண்டு குடும்பமும் கொடைக்கானல் போன அன்று மலையில் முதலில் சூடாகி நின்றது அம்பாசடரா, பியட்டா? ரேடியேட்டருக்குத் தண்ணீர் தூக்கி வந்தது யார்? ஒருவர் சொல்வதை மற்றவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. இட்லிக்கு மாவு கரைக்க வேண்டும் என்று நான்தான் எழுந்து வந்தேன்.