யூதத் திருநாளில் அடுப்பு எரியலாம், ஆனால் அணைக்கக் கூடாது: உங்களுக்கு நேர்ந்த அனுபவம்?

களியக்காவிளைக்காரி

இஸ்ரேலில் பராமரிப்பு வேலை பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் ஷபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாள்) பற்றி முதலிலிருந்து சொல்லவில்லை. 2022 ரோஷ் ஹஷானா, யூதர்களின் இரண்டு நாள் புத்தாண்டு. பினே பிராக்கில் நான் பார்த்துக்கொண்ட சவ்தாவுக்கு (அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) 86 வயது. நான் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஷபாத் எனக்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் சமையல் முடியும், பிளாட்டாவில் (சூட்டுத் தட்டு) சாப்பாடு சூடாக இருக்கும், அடுப்புப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். புது வருஷமும் அதே மாதிரிதான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மதியம் சவ்தா ஒரு மெல்லிய மெழுகுத்திரியை எடுத்து, கண்ணாடிக் குவளையில் எரிந்துகொண்டிருந்த இரண்டு நாள் மெழுகுவர்த்தியிலிருந்து நெருப்புப் பிடித்து, கேஸ் அடுப்பைப் பற்றவைத்தார். மீன் பொரித்தார். சாப்பிட்டோம். அப்புறம் அடுப்பை அப்படியே எரியவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மேலே பாத்திரம் இல்லை, தீ மட்டும் நீலமாக எரிகிறது. மறந்துவிட்டார் என்று எனக்குப் பயம். அடுப்பைத் திருகி அணைத்தேன். கையோடு மெழுகுவர்த்தியையும் ஊதிவிட்டேன்.

இரண்டாம் நாள் இரவுக்கு விளக்கேற்ற வந்தபோதுதான் பார்த்தார். குவளை கறுத்துக் கிடந்தது. நான் ஓடிப்போய்த் தீப்பெட்டி எடுத்தேன். என் கைமேல் கையை வைத்து "லோ" (வேண்டாம்) என்றார். இருக்கிற நெருப்பிலிருந்து நெருப்பு எடுக்கலாம், புதிதாக உண்டாக்கக் கூடாது. அவருக்காக நான் உண்டாக்குவதும் கூடாது. முதல் நாளில் இரண்டாம் நாளுக்கு எதுவும் தயார் செய்யக் கூடாது என்பதால் நன்றாக இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, எதிர்வீட்டில் நெருப்பு வாங்கி, குவளையை உள்ளங்கையால் மறைத்தபடி தெருவைக் கடந்து வந்தார். காற்று அடித்தபோதெல்லாம் நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

விளக்கை வாயால் ஊதாதே என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தார். அன்றைக்கு எப்படி ஊதினேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வடலண்டன்வாசி

லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பெசாக் (பாஸ்கா) திருநாளின் இரண்டாம் நாள் (இஸ்ரேலுக்கு வெளியே தொடக்கத்தில் இரண்டு நாள் பிடிக்கிறார்கள்) வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அழைப்புமணியைக்கூடத் தொடாதவர். அவருடைய பேரன், 10 வயது இருக்கும், பக்கத்தில் வந்தான். நான் சிரித்துக்கொண்டே "தாத்தா யாருக்கும் தெரியாமல் பிடிக்கிறார் போல" என்றேன். பையனின் முகம் சிவந்துவிட்டது. "தாத்தா தப்பு செய்யவில்லை. மெழுகுவர்த்தியிலிருந்துதான் பற்றவைத்தார்" என்றான்.

பெரியவருக்குக் கேட்டிருக்கும். பாதி சிகரெட்டை ஜன்னல் திட்டின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நசுக்கவில்லை. அது தானாகவே எரிந்து சாம்பலானது. பழைய தலைமுறையில் சிலர் திருநாளில் இப்படிப் புகைப்பது உண்டு என்றும், உடம்புக்குக் கேடு என்பதால் பல ரப்பிகள் (யூத மதகுருக்கள்) இன்று கூடாது என்கிறார்கள் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு பிள்ளையின் முன்னால் அவனுடைய தாத்தாவைப் பற்றி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கப் போவதற்குள் அவர்கள் வீடு மாறிவிட்டார்கள்.

நத்தானியா சமையற்கட்டு

முதல் பதிவில் சகோதரி "அதே மாதிரிதான்" என்று நினைத்ததாக எழுதியிருக்கிறார். பலர் இதற்கு நேர்மாறாக, திருநாள் என்றால் கொஞ்சம் தளர்ந்த ஷபாத் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. தடுக்கப்பட்டது களைப்புத் தரும் உழைப்பு அல்ல. மெலாகா என்று 39 வகைச் செயல்கள் இருக்கின்றன. உழுவது, அறுப்பது, அரைப்பது, நெய்வது, எழுதுவது, கட்டுவது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது என்று போகும். ஷபாத்தில் 39ம் கிடையாது. திருநாளுக்கு பைபிளில் யாத்திராகமம் 12:16 ஒரு வாசல் திறக்கிறது: அவரவர் சாப்பிடத் தேவையானதைச் செய்யலாம். அதனால் சமைக்கலாம், மாவு பிசையலாம், தெருவில் பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஷபாத் என்றால் அந்தப் பாட்டி குவளையோடு தெருவில் இறங்கியிருக்கவே முடியாது. ஆனால் சாப்பாட்டுக்குத்தானே என்று வயலில் அறுவடை செய்யவோ வேட்டையாடவோ முடியாது. மின்சார ஸ்விட்ச், போன், கார் எதுவும் திருநாளிலும் கிடையாது.

என் கதை இரண்டு வரிதான். நத்தானியாவில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் யோம் கிப்பூர் (பாவநிவிர்த்தி நாள்) அன்று, திருநாள்தானே என்று அடுப்பு மூட்டப் போனேன். மேற்பார்வை பார்த்த ரப்பி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார், அவருடைய கை நடுங்கியது. யோம் கிப்பூருக்கு ஷபாத்தின் தடைகள் முழுவதும் உண்டு, அதோடு உபவாசம். தோல் செருப்புகூடப் போடமாட்டார்கள்.

புதிதாகப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். திருநாளுக்கு முந்தின நாள் பகலிலேயே எந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், எந்த விளக்கு டைமரில் இருக்கிறது, கதவைத் திறந்தால் எரியும் ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் டைமர் உண்டா என்றும் கேளுங்கள், பல வீடுகளில் அது தானாக மூடிவிடும். எரியும் அடுப்பின் பக்கத்தில் துணி வைக்காதீர்கள். அவர்கள் நேரடியாக "போடு", "அணை" என்று சொல்லமாட்டார்கள், "இங்கே இருட்டாக இருக்கிறதே" என்பார்கள், அதைப் புரிந்துகொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் எந்தச் சட்டமும் குறுக்கே வராது. யாரையும் கேட்காமல் 101க்கு (ஆம்புலன்ஸ்) போன் செய்யுங்கள். நெருப்பு பரவினாலும் அப்படித்தான், அதற்கு 102 (தீயணைப்பு).

ஹட்டன் பிள்ளை

நத்தானியா அண்ணா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். திருநாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் அன்றைக்குச் சமைக்கலாம், ஆனால் மறுநாள் ஷபாத்துக்கென்று சமைக்க முடியாது. அதற்கு வியாழக்கிழமையே பாணும் (ரொட்டி) சமைத்த ஏதாவது ஒன்றும் எடுத்து, ஆசீர்வாதம் சொல்லி, ஒதுக்கி வைப்பார்கள். இதன் பெயர் ஏருவ் தவ்ஷிலீன். ஷபாத் சமையல் முன்கூட்டியே தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

2023 ஷவுவோத் திருநாள், வெள்ளிக்கிழமை. நான் ஜெருசலேமில் ஒரு வயதான தம்பதியிடம் இருந்தேன். அந்தத் திருநாளில் பால் பண்டம் சாப்பிடுவது வழக்கம், வீடெல்லாம் சீஸ் கேக். காலையில் எனக்குப் பசி, ஃபிரிட்ஜில் ஒரு சின்னத் தட்டில் அவித்த முட்டையும் ஒரு துண்டுப் பாணும் இருந்தன. சாப்பிட்டுவிட்டேன். தட்டையும் கழுவி வைத்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஐயா ஃபிரிட்ஜைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மேசையில் அம்மா நறுக்கின கிழங்கும் ஊறவைத்த பயறும் ஷபாத்துக்காகக் காத்திருந்தன. என்னை ஒன்றுமே கேட்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு ரப்பியிடம் நடந்து போனார், கைத்தடியோடு, வெயிலில். ஊர் ரப்பி எல்லாருக்குமாக ஒன்று வைத்திருப்பார், தவறவிட்டவர்களுக்கு அது போதுமாம். திரும்பி வந்து அம்மாவிடம் "சமைக்கலாம்" என்றார். நான் குசினி மூலையில் அழுதுகொண்டு நின்றேன். அம்மா வந்து ஒரு கேக் துண்டைத் தந்து, "பசித்தால் என்னிடம் சொல்" என்றார்.

முந்தின நாள் கேளுங்கள் என்கிறீர்கள் அண்ணா. கேட்கவேண்டும் என்றே தெரியாதவள் எதைக் கேட்பாள்?

நத்தானியா சமையற்கட்டு

சரி தங்கச்சி. முட்டையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும், எழுத விட்டுப்போனது. அந்தத் தட்டின்மேல் ஒரு சீட்டாவது ஒட்டி வைத்திருக்கவேண்டும் அவர்கள்.

களியக்காவிளைக்காரி

அடுத்த வருஷம் சவ்தா இரண்டு குவளை ஏற்றினார். ஒன்றைச் சமையலறையில் வைத்தார், இன்னொன்றை என் அறை ஜன்னலில்.