மெர்லின் தொடர்: இதில் அப்படி என்னதான் இருக்கிறது?

வாசல்மணி கேட்டது:

பிபிசி ஒன்னில் 2008 முதல் 2012 வரை வந்த மெர்லின் தொடரைப் பார்க்கத் தொடங்கி, முதல் சீசனில் ஆறாவது பகுதி வரை வந்திருக்கிறேன். எனக்கு எல்லாப் பகுதியும் ஒரே கதையாகத் தெரிகிறது. யாரோ வேஷம் போட்டுக்கொண்டு அரசன் கோட்டையான கேமலாட்டுக்குள் நுழைகிறார்கள். மெர்லினுக்கு மட்டும் சந்தேகம் வருகிறது, சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் தூணுக்குப் பின்னால் நின்று மந்திரம் போடுகிறான், நல்ல பெயர் இளவரசன் ஆர்தருக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து.

முடிந்து இத்தனை வருடம் ஆகியும் இதை இப்படிக் கொண்டாடுகிறார்களே, எதற்காக? பழைய ஆர்தர் கதைகளுக்கும் இதற்கும் உண்மையில் எவ்வளவு தொடர்பு? 65 பகுதியையும் பார்த்துத்தான் ஆக வேண்டுமா? முடிவைச் சொன்னாலும் பரவாயில்லை, ஆர்தர் இறப்பான் என்பது எப்படியும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

கல்வாள்:

நீங்கள் குறை என்று சொல்லும் அந்த ஒரே அமைப்புதான் தொடரின் எஞ்சின். அது எதற்காக அப்படி ஓடுகிறது என்பது ஆறாவது பகுதியில் இன்னும் தெரியாது.

முதல் பகுதியின் தொடக்கத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். மெர்லின் கேமலாட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது மந்திரம் செய்த குற்றத்துக்காக ஒருவனின் தலை போகிறது. பிறவியிலேயே மந்திரசக்தி உள்ள ஒரு பையன், அந்தச் சக்திக்கு மரண தண்டனை விதிக்கும் ராஜா யூதரின் மகன் ஆர்தருக்கு வேலைக்காரனாகச் சேருகிறான். இனி அவன் ஆர்தரைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் செயலே அவன் கழுத்துக்குக் கத்தி. ஆர்தரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. சொல்லாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும், என்றைக்காவது சொல்ல நேரும்போது அது பெரிய துரோகமாகத் தெரியப்போகிறது. பகுதிகள் ஒன்றுபோல இருப்பதால்தான் இந்தக் கடன் வட்டியோடு ஏறுவது நமக்கு உறைக்கிறது.

நான்காவது பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தருக்கு வைத்த விஷத்தை மெர்லின் குடித்துவிடுகிறான். மாற்று மருந்துக்கான பூவைத் தேடி அப்பா சொல்லை மீறி ஆர்தர் கிளம்புகிறான். இருட்டுக் குகையில் பாறை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது எங்கிருந்தோ ஒரு ஒளி உருண்டை வந்து வழிகாட்டுகிறது. அந்த நேரத்தில் மெர்லின் கேமலாட்டில், வைத்தியர் கையஸின் அறையில், நினைவில்லாமல் ஜுரத்தில் முனகிக்கொண்டு கிடக்கிறான். ஒளி அவன் உள்ளங்கையிலிருந்துதான் போகிறது. அனுப்பியது யார் என்று ஆர்தருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். கையஸ் தவிர அரண்மனையில் இருக்கும் யாருக்கும் தெரியாத ஒன்றை நாம் மட்டும் தெரிந்துவைத்திருக்கிறோம் என்பதே இந்தத் தொடரோடு பார்வையாளரைக் கட்டிப்போடுகிறது.

இதற்கு மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. யூதரின் வளர்ப்பில் இருக்கும் மோர்கனா எதிரியாவாள், மோர்ட்ரெட் கையால் ஆர்தர் சாவான் என்பது புராணம் தெரிந்தவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் தொடரில் மோர்கனா முதலில் எல்லோரையும்விட இரக்கமுள்ளவளாக வருகிறாள். எட்டாவது பகுதியில் மோர்ட்ரெட் ஒரு சின்னப் பையன், அவன் உயிரைக் காப்பாற்றுவதில் ஆர்தருக்கே பங்கு உண்டு. அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

ஏட்டுச்சுவடி:

பழைய கதைகளைப் பற்றி நான் சொல்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். உள்ளே போனால் இதை எழுதியவர்கள் மூலத்தை நன்றாகப் படித்தவர்கள் என்பது புரியும்.

ஆர்தர் கதை ஒரே நூல் அல்ல, பல நூற்றாண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. ஜெஃப்ரி ஆஃப் மான்மத் 1136 வாக்கில் லத்தீனில் எழுதிய பிரிட்டன் அரசர் வரலாற்றில்தான் மெர்லின் முழு உருவம் பெறுகிறான். ஆர்தரின் வீரர்கள் கூடி உட்காரும் வட்டமேசையை 1155-இல் வாஸ் என்ற நார்மன் கவிஞர் சேர்த்தார். ஆர்தரின் வீரன் லான்சலாட் - ராணி குவினிவியர் காதல் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ருவாவிடமிருந்து வந்தது. கல்லில் செருகிய வாளை 1200 வாக்கில் ராபர்ட் த பொரோன் கொண்டுவந்தார் (அவர் எழுதியதில் அது கல்லின்மேல் வைத்த பட்டறைக்கல்லில் செருகியிருக்கும்). இவை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தொகுத்தவர் தாமஸ் மாலரி. அவர் நூலை 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்டார்.

இப்போது தொடருக்கு வாருங்கள். கோட்டைக்கு அடியில் சங்கிலியில் கிடக்கும் டிராகன் எங்கிருந்து வந்தது? ஜெஃப்ரியின் நூலில் வோர்ட்டிகர்ன் என்ற அரசன் கட்டும் கோபுரம் திரும்பத் திரும்ப இடிந்து விழுகிறது. அப்பன் பெயர் தெரியாத ஒரு பையனைப் பலிகொடுத்தால் நிற்கும் என்கிறார்கள். பிடித்துவரப்பட்ட பையன் மெர்லின். அவன் "தோண்டிப் பாருங்கள், அடியில் குளம் இருக்கிறது, அதற்குள் இரண்டு டிராகன்கள்" என்கிறான். அப்பா யாரென்று தெரியாத மெர்லின், கட்டடத்துக்கு அடியில் டிராகன் என்ற இந்த இரண்டு விஷயங்களும் அப்படியே தொடருக்குள் வந்திருக்கின்றன. அந்த அப்பா யார் என்பதற்கு இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதி விடை சொல்லும்.

ஆர்தரின் பிறப்பும் அப்படித்தான். பழைய கதையில் யூதர் அடுத்தவன் மனைவி இக்ரேனை அடைவதற்கு மெர்லின் அவனுக்கு அவள் கணவனின் உருவத்தைக் கொடுக்கிறான். ஒரு குடும்பத் தொடரில் அதைக் காட்ட முடியாது. ஆனால் யூதரின் ஆசைக்காக நடந்த மந்திரத்தில்தான் ஆர்தர் பிறந்தான் என்ற கருவை விடவில்லை. தொடரில் குழந்தை இல்லாத யூதர் மந்திரத்தின் உதவியை நாடுகிறார், பிறக்கும் உயிருக்கு ஈடாக ராணியின் உயிர் போகிறது, அந்த ஆத்திரத்தில் மந்திரவாதிகளையே அழிக்கக் கிளம்புகிறார். இரண்டாம் சீசன் எட்டாம் பகுதியில் இது ஆர்தர் காதுக்கே எட்டும்.

என் பார்வையில் மிகப் பெரிய மாற்றம் வேறொன்று. மாலரியில் மெர்லின் சீக்கிரமே காணாமல் போய்விடுவான். காக்ஸ்டன் பிரித்த 21 புத்தகங்களில் நான்காவதின் தொடக்கத்திலேயே அவன் மயங்கிப் பின்தொடர்ந்த நிமுவே அவனை ஒரு பாறைக்கு அடியில் அடைத்துவிடுகிறாள். ஆர்தரின் கடைசி நாளில் பக்கத்தில் இருப்பவன் அவன் வீரன் பெடிவியர், ஆர்தரின் வாளை ஏரியில் எறிபவனும் அவனே. அதுவும் இரண்டு முறை எறியாமலேயே எறிந்துவிட்டதாகப் பொய் சொல்லிவிட்டு, மூன்றாம் முறைதான் எறிவான். தொடரில் அந்த இடத்தில் மெர்லின் நிற்கிறான். கடைசிவரை கூட இருந்தவன், கடைசி இரண்டு நாளில் மட்டுமே முழுதாகத் தெரியவருகிறவன். ஐந்து சீசனும் அந்த இடமாற்றத்துக்காகவே கட்டப்பட்டிருக்கின்றன.

வாசல்மணி:

டிராகன் விஷயம் தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேன், நன்றி. அப்படியானால் குறையே இல்லையா? மோர்கனா மாறிய விதம் ஒட்டவில்லை என்று பல இடங்களில் படித்தேன்.

சாம்பல்கோட்டை:

குறை நிறையவே உண்டு. இந்தத் தொடர் பிடிக்கும் என்பதாலேயே சொல்கிறேன்.

மோர்கனாவின் திருப்பத்துக்குப் போட்ட விதை அருமை. இரண்டாம் சீசன் மூன்றாம் பகுதியில் தனக்கும் மந்திரம் இருக்கிறது என்று தெரிந்து அவள் நடுங்குகிறாள். அவளுக்குத் தைரியம் சொல்லக்கூடிய ஒரே ஆள் மெர்லின், அவன் வாயைத் திறப்பதில்லை. பன்னிரண்டாம் பகுதியில் கேமலாட் முழுக்கத் தூக்கத்தில் விழுகிறது, அந்த மந்திரத்தின் ஊற்று தான்தான் என்பது அவளுக்கே தெரியாது. ஊரைக் காப்பாற்ற மெர்லின் அவள் குடிக்கும் தண்ணீரில் விஷத்தைக் கலக்கிறான். அவள் நம்பிக் குடிக்கிறாள். இதைவிட வலுவான காரணம் எந்த வில்லிக்கும் கிடைக்காது. ஆனால் மூன்றாம் சீசன் ஒரு வருடம் தாண்டித் தொடங்குகிறது, அவள் ஏற்கெனவே மாறி முடிந்துவிட்டாள். எது அவளை மாற்றியதோ அந்த ஒரு வருடம் திரையில் இல்லை. அதன்பிறகு மூலைக்கு மூலை நின்று தனக்குள் சிரிக்கிறாள். நடிகை கேட்டி மெக்ராத்தின் தவறு அல்ல, எழுத்தில் விட்ட இடைவெளி.

அடுத்தது ரகசியத்தை இழுத்த நீளம். நான்காம் சீசன் மூன்றாம் பகுதிவரை அதற்கு ஞாயம் இருக்கிறது. யூதர் இறந்ததும் தண்டனை கொடுக்கிற ஆளே போய்விட்டார், அப்புறமும் ஏன் சொல்லவில்லை? அதே பகுதியிலேயே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கிழவன் வேடத்தில் வந்து யூதரை மந்திரத்தால் குணப்படுத்த மெர்லின் முயல்கிறான், மோர்கனாவின் சதியால் அந்த மந்திரமே யூதரைக் கொன்றுவிடுகிறது. ஆர்தரின் மனம் இன்னும் இறுகுகிறது. சரி, அது ஒரு சீசனுக்குத் தாங்கும். இரண்டுக்குத் தாங்காது. மாயம் மறுபடி சட்டத்துக்குள் வரும் பொற்காலம் என்று டிராகன் முதல் சீசனிலிருந்து சொல்லிவந்ததைக் கடைசிவரை திரையில் காட்டவே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆனால் ஐந்தாம் சீசன் ஐந்தாம் பகுதிக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மோர்ட்ரெட் சாகக்கிடக்கிறான். ராஜ்ஜியத்தில் மந்திரத்தை ஏற்றால் அவன் பிழைக்க வழி உண்டு என்று ஆர்தருக்குத் தோன்றுகிறது, இரவில் நெருப்பருகே உட்கார்ந்து மெர்லினிடமே கேட்கிறான். வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி. மோர்ட்ரெட் இறந்தால் ஆர்தர் பிழைப்பான் என்று கணக்குப் போட்டு, கேமலாட்டில் மந்திரத்துக்கு இடமில்லை என்று கண்ணில் நீரோடு மெர்லின் சொல்கிறான். திரும்பி வந்தால் மோர்ட்ரெட் பிழைத்து நிற்கிறான். மெர்லினாக நடிக்கும் காலின் மோர்கன் அந்த ஒரு வரியைச் சொல்லும்போது முகத்தைக் கவனியுங்கள்.

ஏட்டுச்சுவடி:

சாம்பல்கோட்டை சொன்னதோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. பொற்காலத்தைக் காட்டாதது புராணத்துக்கு உண்மையாக இருப்பதுதான். ஆர்தரின் முழுக் கதையைச் சொல்லும் வடிவங்கள் பெரும்பாலும் மோர்ட்ரெட்டோடு நடக்கும் கடைசிப் போரில், கேம்லானில், நொறுங்குகின்றன. 'ஆர்தர் திரும்பி வருவான்' என்ற வாக்குறுதி மட்டும்தான் மிச்சம்.

தோற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமலாட்டாக வருவது வடக்கு பிரான்ஸில் உள்ள பியர்ஃபோன் கோட்டை. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, 1617-இல் இடிக்கப்பட்டு, 1857-க்குப் பிறகு மூன்றாம் நெப்போலியனுக்காகக் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டுக் மீட்டெடுத்தது. இடைக்காலம் இப்படி இருந்திருக்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு கண்ட கனவு அது, ஆகவேதான் புராணக் கதைக்கு உண்மையான பாழடைந்த கோட்டையைவிட நன்றாகப் பொருந்துகிறது. மந்திரங்கள் வாய்க்கு வந்த உளறல் அல்ல, பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

கல்வாள்:

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சீசனுக்கு 13 பகுதி, ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம், மொத்தம் கிட்டத்தட்ட 49 மணி நேரம். நேரம் குறைவு என்றால் வெட்டலாம், ஆனால் வாளின் கதையை வெட்டிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு அதுதான், பிறகு முடிவில் ஏரிக்கரையில் என்ன நடக்கிறது என்றே புரியாது.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 7, 8, 9, 10, 13 கட்டாயம். ஏழில் அவலான் ஏரி வருகிறது. ஒன்பதில் டிராகனின் மூச்சில் வாள் உருவாகி ஏரிக்குள் போகிறது. இரண்டாம் சீசனில் 3, 8, 9, 11, 12, 13. ட்ரோல் என்ற அரக்கி வரும் 5, 6 இரண்டையும் தாராளமாகத் தாண்டலாம், குழந்தைகளோடு பார்த்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதைத் தாண்டினால் ஏரிக்குள் இருக்கும் பெண் யார் என்பது போய்விடும்.

மூன்றாம் சீசனில் 1, 2, 4, 5, 8, 10, 12, 13. எட்டாவது தனிக்கதை போல இருக்கும், ஆனால் அதில் கிடைக்கும் நீர்க்குப்பி இல்லாமல் 13-இல் வாள் திரும்பக் கிடைக்காது. பத்தாவதில்தான் கிழவன் வேடம் முதன்முறை வருகிறது, அது தெரியாமல் யூதர் சாகும் பகுதிக்குப் போகாதீர்கள். நான்காம் சீசனில் எட்டாவதை மட்டும் விடலாம். ஐந்தில் 6 முதல் 9 வரை ஒரே கதை, நடுவில் நிறுத்த வேண்டாம். 11, 12, 13 மூன்றையும் ஒரே மூச்சில் பாருங்கள். மோர்ட்ரெட் ஏன் ஆர்தரை விட்டுப் போனான் என்பது 11-இல்தான் இருக்கிறது.

நான்காம் சீசன் முடிவில் கல்லிலிருந்து ஆர்தர் வாளை உருவும் காட்சியில் ஆர்தரைப் பார்க்காமல் பின்னால் நிற்கும் மெர்லினின் கண்ணைப் பாருங்கள். முதல் இழுப்பில் வாள் அசையாது. அந்த வாளுக்கு ஒரு பழங்கதையை அப்போதுதான் இட்டுக்கட்டிச் சொன்னவனும் அவன், ஆர்தர் தன்னை நம்பத் தொடங்கும் நொடியில் கண் பொன்னிறமாக மாறி வாளை விடுவிப்பவனும் அவன்.