பீடிக்கடையில் ஆட்களை வைத்து வேலை வாங்குவது பற்றி ஒரு கேள்வி

முக்கூடல்காரன்:
இங்கே ஒரு பீடிக்கடையில் ஆறு மாதமாகக் கணக்குப்பிள்ளையாக இருக்கிறேன், அறுபது பெண்கள் பீடி கொண்டுவந்து போடுகிறார்கள். போன வாரம் ஒரு அக்காவுடைய கட்டுகளில் பாதி, தூள் நிரம்பாமல் தொளதொளவென்று இருந்தது. வரிசையில் எல்லாரும் நிற்கும்போதே சத்தம் போட்டுக் கழித்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தலைமைக்கு எமோஷனல் இன்டெலிஜென்ஸ் வேண்டும் என்கிறார்களே, அப்படியென்றால் மோசமான பீடியையும் கழிக்காமல் விட வேண்டுமா?

பாளை வாத்தியார்:
தம்பி, இரக்கத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1990-இல் சலோவே, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஒரு திறமையாகத்தான் விளக்கினார்கள்: தன் மனதிலும் அடுத்தவர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று கண்டு, அதை வைத்து யோசித்து நடப்பது. 1998-இல் டேனியல் கோல்மன் என்ற உளவியலாளர் தலைமைக்கென்று இதில் ஐந்து கூறுகளைச் சொன்னபோது தன்னை அறிவதையும் தன்னை அடக்குவதையும்தான் முதலில் வைத்தார், அடுத்தவர் நிலையை உணர்வது அதற்கப்புறம்தான் வருகிறது. உங்களுக்கு இடறியது தன்னை அடக்குவதில். பீடியைக் கழித்தது சரி, ஆளையும் சேர்த்துக் கழித்துவிட்டீர்கள்.

ஆலங்குளத்துப் பெண்:
எங்கள் அம்மா சுளவை மடியில் வைத்து முப்பது வருஷம் பீடி சுற்றியவர். ஆயிரம் முடிக்க ராத்திரி ஆகிவிடும் அண்ணே, அதில் ஒரு கட்டு கழிந்தாலும் வயிறு எரியும். அம்மா போட்ட கடையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். கட்டை விரலால் நசுக்கிப் பார்ப்பார், சரியில்லையென்றால் சத்தமில்லாமல் ஓரமாக வைப்பார், வரிசை கலைந்ததும் "என்ன தாயி, கை ஓடலையா, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா?" என்று கேட்பார். கழிக்க வேண்டியதைக் கழிக்கத்தான் செய்வார். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு கடை வந்தபோதும் அம்மா அவரை விட்டுப் போகவில்லை.

வண்ணார்பேட்டை:
2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் வேலை பார்த்த கடைக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. போன் கிடைத்ததும் எங்கள் மேனேஜர் ஒவ்வொருவரிடமும் பிள்ளைகள் எங்கே, சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டார், சரக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்த அன்று அவர் கூப்பிடாமலே போய்ச் சேறு அள்ளினோம். நீங்கள் அந்த அக்காவை வரிசையில் வைத்துத் திட்டினீர்கள் அல்லவா, மன்னிப்பையும் அதே வரிசையில் வைத்துக் கேளுங்கள்.

முக்கூடல்காரன்:
சரி அண்ணாச்சி, நாளைக்குக் காலையிலேயே கேட்டுவிடுகிறேன். எந்த வார்டு என்று அவர் பக்கத்து வீட்டு மைனியிடம் விசாரித்துவிட்டேன், சாயங்காலம் கடை அடைத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.