அக்காவுக்கும் அவள் மகளுக்கும் வழி சொல்லுங்கள்

தோழிகளே, என் அக்காவுக்குக் குடிப்பழக்கம். மாமா இறந்தபின் தூக்கத்துக்காகத் தொடங்கினாள், இப்போது தினமும். ஏழு வயதில் மகள் இருக்கிறாள்.

எங்கள் அப்பாவும் குடித்தவர்தான். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அக்கா என்னை இழுத்துக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிவாள். பத்து வயதில் எனக்குச் சோறாக்கிப் போட்டவள். பிள்ளையை அடிக்காமல் கண்டிப்பதை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. இன்று மகளை அடிக்கிறாள். மறுநாள் மனசு கேட்காமல் கேட்டதையெல்லாம் வாங்கித் தருகிறாள்.

போன வாரம் பாப்பா தட்டில் சோறு போட்டு, "சாப்பிட்டுட்டுப் படும்மா" என்றாள். அடிவயிறு கலங்கிவிட்டது. அது பத்து வயது அக்காவேதான்.

1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, குடியும் அடியும் உள்ள வீட்டில் வளர்ந்தவர்கள் பின்னாளில் குடிக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்றது. அவளைக் கெட்டவள் என்று சொல்லாதீர்கள்.

14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் பேசச் சம்மதித்துவிட்டாள். சிகிச்சைக்குச் சேர்ந்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்றுதான் பயப்படுகிறாள். மதுரைப் பக்கம் பெண்களுக்குத் தனி வார்டு, பெண் ஆலோசகர் உள்ள இடம் தெரியுமா? பிள்ளை வளர்ப்பையும் சேர்த்துச் சொல்லித்தருவார்களா? குடிக்கும் அம்மாவிடம் வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால், அப்போது உங்கள் சித்தி என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?