உறைபனியில் பழைய குட்டி யானை காலையில் ஸ்டார்ட் ஆக அடம் (ஊட்டி)

காந்தல்_லோடு:
2008 மாடல் குட்டி யானை (டாடா ஏஸ்), ரெண்டு சிலிண்டர் ஐடிஐ டீசல், அதாவது டீசலை நேரா சிலிண்டர்ல தெளிக்காம பக்கத்துல ஒரு தனி அறையில தெளிக்கிற இன்ஜின். வண்டி வெட்டவெளியிலதான் நிக்கும். உறைபனி விழுற நாள்ல விடியக்காலை கேரட் லோடு ஏத்த எடுத்தா, ரொம்ப நேரம் செல்ஃப் அடிச்சாதான் பிடிக்குது. பிடிச்சதும் கொஞ்ச நேரம் உதறுது. மத்தியானம் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட். ரேடியேட்டர்ல வெறும் தண்ணி. டீசல்ல மண்ணெண்ணெய் கலந்தா சரியாகும்னு சொல்றாங்க. கலக்கலாமா?

டீசல்கை:
பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி புகையைப் பாருங்க. செல்ஃப் சுத்தும்போது சைலன்சர்ல வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியுற அளவுக்குச் சூடு இல்லைன்னு அர்த்தம். புகையே இல்லைன்னா டீசல் வரலை. ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க காற்றழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல முக்கால் பங்குதான், கொஞ்சம் கூட. மெல்லிசான காத்தை அழுத்தினா அழுத்தமும் குறைவு, அதுல பத்திக்கிறதும் கஷ்டம். ஐடிஐல தனி அறை வேற இருக்கு, அதோட சுவரும் சூட்டை உறிஞ்சிடும். மேட்டுப்பாளையத்துல செத்த ஹீட்டர் பிளக்கோடயே (ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த அறையைச் சூடேத்துற பிளக்) ஓடுற வண்டி, மேல வந்ததும் படுத்துக்கிறது இதனாலதான்.

நீங்க சொல்ற உதறல்தான் துப்பு. ரெண்டே சிலிண்டர், ரெண்டே பிளக். ஒண்ணு செத்தா பாதி இன்ஜின் போச்சு. பிளக்குகளை இணைக்கிற பட்டியைக் கழட்டிடுங்க. டெஸ்ட் லாம்பை பேட்டரி பிளஸ்ல மாட்டி, ஒவ்வொரு பிளக் தலையிலயும் முனையை வைங்க. லாம்ப் எரிஞ்சா உள்ள கம்பி அறுந்து போகலை, எரியலைன்னா பிளக் செத்தது. ரெண்டுமே எரிஞ்சா பட்டியைத் திருப்பி மாட்டி, சாவி ஆன்ல பட்டியில வோல்ட் பாருங்க. 11க்குக் கீழ இருந்தா ரிலே, ஃபியூஸ், வயர் பக்கம் போங்க.

டெஸ்ட் லாம்ப் எரிஞ்சாலும் பிளக் சூடாகுதான்னு உறுதியாகாது. கரண்ட் அளக்குற ஆம்பியர் கிளாம்ப் இருந்தா ரெண்டுலயும் ஏறத்தாழ ஒரே அளவு ஓடணும்.

வயரிங்_குன்னூர்:
அண்ணா சொன்னது சரி. ஆனா பேட்டரியை விட்டுட்டாங்க. 0 டிகிரியில லெட் ஆசிட் பேட்டரியோட செல்ஃப் இழுக்குற வலுவில மூணுல ஒரு பங்கு போயிடும். அதே நேரத்துல ஆயில் கெட்டியாகி இன்ஜின் அதிக வலு கேக்கும்.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, சாவி போடுறதுக்கு முன்னாடி 12.6 வோல்ட் இருக்கணும், 12.2ன்னா பாதிதான் சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ இறங்கக் கூடாது. பேட்டரி நல்லா இருந்தும் மெதுவா சுத்தினா, பேட்டரி மைனஸ்ல இருந்து இன்ஜின் பிளாக்குக்கு மீட்டர் வெச்சு செல்ஃப் அடிங்க. 0.3 வோல்ட் தாண்டினா எர்த் கேபிள்தான் திருடன். பழைய வண்டியில பாதி கேஸ் இதுதான், கழட்டித் தேச்சு மாட்டினா போதும்.

லைட், ஃபேன் எல்லாம் ஆஃப். ஹீட்டர் லைட் அணைஞ்சதும் ஒருதடவை சாவியை ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணிச் சூடேத்துங்க. கிளட்சை முழுசா மிதிங்க, கியர்பாக்ஸ் ஆயிலோட இழுவை போகும். ஒரு தடவைக்குப் பத்து செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, ஒரு நிமிஷம் விட்டு அடிங்க.

பம்ப்_சர்வீஸ்:
மண்ணெண்ணெய் வேண்டாம். பம்புக்கு எண்ணெய்ப்பசை டீசல்ல இருந்துதான், அதை நீர்க்க விட்டா பம்புக்குள்ள டீசலைத் தள்ளுற பிளஞ்சர் தேயும். பெட்ரோல் கலக்குறது அதைவிட மோசம். காத்து வாங்குற குழாயில ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சா, சிவந்திருக்குற ஹீட்டர் பிளக்ல நேரம் தப்பி வெடிச்சு பிஸ்டன் உடையலாம்.

குளிர்ல டீசல்ல இருக்குற மெழுகு உறையுறது தனிச் சங்கதி. பிஐஎஸ் தரத்துல டீசல் ஃபில்டரை அடைக்கிற வெப்பநிலைக்கு உச்சவரம்பு குளிர்காலத்துக்கு 6 டிகிரி, கோடைக்கு 18. மாசக்கணக்கா டேங்க்ல கிடக்குற கோடை டீசல்னா சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆகிச் சில நிமிஷத்துல மூச்சடைச்சு நிக்கும். வெந்நீர்ல முக்கின துணியை ஃபில்டர்ல சுத்துங்க, தீ மட்டும் வேண்டாம்.

புகையே வரலைன்னா காலையில ஹேண்ட் பிரைமரை (கையால டீசலை ஏத்துற சின்ன பம்ப்) அழுத்திட்டு அடிச்சுப் பாருங்க. உடனே பிடிச்சா ராத்திரியில டீசல் டேங்குக்குத் திரும்பி வடியுது. காப்பர் வாஷர், வெடிச்ச ரப்பர் ஹோஸ், ஃபில்டர் சீல், இதுல ஒண்ணு காத்து இழுக்கும். ஃபில்டர் அடியில தேங்கின தண்ணியையும் திறந்து விடுங்க.

ரேடியேட்டர்ல இருக்குற வெறும் தண்ணியை முதல்ல மாத்துங்க, உறைஞ்சிடும். தண்ணி உறையாம காக்குற எத்திலீன் கிளைக்கால் மூணுல ஒரு பங்கு கலந்தா ஊட்டிக்குத் தாராளம்.

காந்தல்_லோடு:
இன்னைக்குக் காலையில வெள்ளைப் புகைதான். பேட்டரி 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.1. ஒரு பிளக்ல லாம்ப் எரியலை. அதை மட்டும் மாத்தினா போதுமா?

டீசல்கை:
ரெண்டையும் மாத்துங்க, ஒரே வயசுதானே. இன்ஜின் சூடா இருக்கும்போது கழட்டணும். முந்தின நாளே மரையில துரு இளக்குற ஆயில் விட்டு ஊற விடுங்க. இறுக்கமா வந்தா கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, மறுபடி திறங்க. முறுக்கி உடைச்சா ஹெட்டைக் கழட்ட வேண்டி வரும். புதுசு போடுறதுக்கு முன்னாடி ஓட்டையில இருக்குற கரியை எடுத்திடுங்க, இல்லைன்னா முனை சரியா உள்ள நீட்டாது. மாத்தின பிறகும் ஒரு சிலிண்டர்ல மட்டும் வெள்ளைப் புகை நின்னா டீசல் தெளிக்கிற நாசிலையும், சிலிண்டர்ல காத்து அழுத்தமாகுற கம்ப்ரஷனையும் பார்க்கணும்.