பேராலயப் பாடகர் குழுவின் குரல் தேர்வு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். எட்டு வயது மகள் எங்கள் ஊர்ப் பேராலயத்தின் சிறுமியர் பாடகர் குழுவில் சேரத் துடிக்கிறாள். அடுத்த மாதம் குரல் தேர்வு.

ஒருநாள் மாலை வழிபாட்டுக்குத் தற்செயலாகப் போனோம். மேல்குரலைப் பிள்ளைகள் பாட, ஆல்டோ, டெனர், பாஸ் என்ற கீழ்க்குரல்கள் மூன்றையும் பெரியவர்கள் தாங்கினார்கள். மரியாளின் பாடல் முடிந்த பிறகும் ஒலி கல்வளைவுகளில் தங்கி நின்றது. மகள் என் கையை விடவே இல்லை. நூற்றாண்டுகளாகச் சிறுவர்கள் மட்டுமே நின்ற இடம் அது. 1991இல் சாலிஸ்பரி பேராலயம் சிறுமியருக்கெனத் தனிக்குழு தொடங்கிய பிறகு பல ஊர்களில் கதவு திறந்தது.

என் கவலை இதுதான். மூன்று ஆண்டுகளாகக் கர்நாடக இசை கற்கிறாள். சுருதி சுத்தமாக நிற்கும். ஆனால் நேராக நீள வேண்டிய சுரத்திலும் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் பழக்கம், வந்துவிடுகிறது. அங்கே அசைவில்லாத குரல் வேண்டும். கற்றதைக் கெடுக்காமல் இதைப் பழக்குவது எப்படி? மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடவும் அவளுக்குத் தெரியாது. இந்த வயதில் அதை எதிர்பார்ப்பார்களா? நாங்கள் இந்துக்கள் என்பது தடையாகுமா?

பிள்ளைகளை இப்படிப்பட்ட குழுக்களுக்கு அனுப்பியவர்கள், பள்ளிப் பாடத்தோடு தினசரிப் பயிற்சியை எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் தயவுசெய்து சொல்லுங்கள்.