பூனை பழிவாங்குமா, நாய் வெட்கப்படுமா? வீட்டுப் பிராணிகளின் குணம் பற்றி ஒரு வாக்குவாதம்

மழைமேகம்:
எங்கள் வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. நாயின் பெயர் கருப்பன். பூனைகள் மிளகு, சுண்டு; இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள். மூன்றுக்கும் மூன்று விதமான புத்தி. யாராவது குளியலறைக்குள் போனால் போதும், மிளகு கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, உள்ளே போனவர் பிழைத்திருக்கிறாரா என்று விசாரிப்பதுபோல் ஓயாமல் குரல் கொடுப்பாள். சுண்டுவோ புது ஆள் வந்தால் அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடுவான். வந்தவர் செருப்பை மாட்டும் ஓசை கேட்ட பிறகுதான் மூக்கை நீட்டுவான். கருப்பன் செருப்புத் திருடன். ஜோடியாக எடுக்கவே மாட்டான். ஒற்றைச் செருப்புதான், அதுவும் அவசரமாகக் கிளம்புகிறவருடையது. "யார் செய்தது?" என்று கேட்டால் காதை மடக்கி, முகத்தைத் திருப்பி, வாலை மட்டும் தரையில் மெல்லத் தட்டுவான். செய்தது தப்பு என்று அவனுக்குத் தெரியும். நாங்கள் வெளியூர் போய்த் திரும்பினால் மிளகு என் படுக்கையை நனைத்து வைத்திருப்பாள். விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்கல்!

இதைச் சொன்னால் உறவினர் ஒருவர் சிரிக்கிறார். "தீனி போடுகிறவரைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான், மற்றதெல்லாம் உங்கள் கற்பனை" என்கிறார். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தங்கட்டும்.

குறுக்குக்கேள்வி:
உங்கள் உறவினர் பக்கம் பேச ஒரு ஆளாவது வேண்டுமல்லவா, நான் வருகிறேன்.

முதலில் கருப்பனின் முகம். இதை 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடக் கூடாது என்று நாய்க்குச் சொல்லிவிட்டு அதை வளர்ப்பவர் அறையைவிட்டு வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது அல்லது தின்னவில்லை என்று அவரிடம் சொல்வார்கள். சொன்னது எப்போதும் உண்மையாக இருக்காது; அங்கேதான் சூட்சுமம். நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அதன் 'குற்றவாளி முகத்துக்கும்' தொடர்பே இல்லை. திட்டு விழுந்தபோது அந்த முகம் வந்தது. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. ஆக, கருப்பன் காதை மடக்குவது செருப்பைப் பார்த்து அல்ல, உங்கள் புருவத்தைப் பார்த்து.

பூனையின் பழிவாங்கலுக்கு வருவோம். பழிவாங்க வேண்டுமென்றால், "இவர் திரும்பி வருவார், வந்து இதைப் பார்ப்பார், பார்த்து வருந்துவார், அதுவே எனக்குத் திருப்தி" என்று ஒரு நீண்ட சங்கிலி தலைக்குள் ஓட வேண்டும். ஈரமான படுக்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனையும் ஓடியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நாலுகால்நேசன்:
வந்துவிட்டார்கள் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். நாய்க்கு முகத்தில் உணர்ச்சி உண்டு என்று சொன்னது ஏதோ திண்ணைப் பேச்சு அல்ல ஐயா, டார்வின் சொன்னது. 1872இல் வந்த தன் நூலில் வீட்டு நாயைப் பற்றி எழுதியிருக்கிறார். உலாவக் கிளம்பினால் அந்த நாய் தலை நிமிர்த்தி, வால் தூக்கி முன்னால் போகும். வழியில் அவர் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் பக்கம் திரும்பிவிட்டால், உலா நின்றுவிடுமோ என்று அப்படியே தொங்கிப்போகும். தலை, காது, வால் எல்லாம் ஒரே கணத்தில் சரியும். அந்த முகத்துக்கு அவர் வீட்டார் ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். டார்வின் குடும்பம் வைத்தால் அறிவியல், மழைமேகம் குடும்பம் வைத்தால் கற்பனையா?

ஒரே ஈற்றுக் குட்டிகள், ஒரே வீடு, ஒரே தட்டு. ஒருத்தி ஊரையே விசாரிக்கிறாள், ஒருவன் அலமாரிக்குப் பின்னால் வாழ்கிறான். இதற்கு என்ன பதில்?

குறுக்குக்கேள்வி:
குணத்தில் வேறுபாடு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? வேறுபாடு நிச்சயம் உண்டு. அதற்கு நாம் சூட்டும் காரணத்தைத்தான் சந்தேகிக்கிறேன். டார்வின் அந்த இடத்தில் எழுதியது ஏமாற்றத்தைப் பற்றி; உடம்பு எப்படித் தொங்கியது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்கிறார். நாய் தன்மேல் பழி சுமத்திக்கொண்டது என்று அங்கே அவர் சொல்லவில்லை.

நாய்க்கதைகளில் எனக்குப் பிடித்தது, விலங்கு உளவியலை ஆராய்ந்த லாயிட் மார்கன் வளர்த்த டோனி. தோட்டத்துக் கதவின் தாழ்ப்பாளைத் தலையால் தூக்கித் திறந்து தெருவுக்குப் போய்விடும். பார்த்தவர்கள், "தாழ்ப்பாள் எப்படி வேலை செய்கிறது என்று இதற்குப் புரிந்திருக்கிறது" என்று வியந்தார்கள். மார்கன் அதை ஆரம்பத்திலிருந்தே கவனித்தவர். கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுத் தெருவை வேடிக்கை பார்த்த நாய் அது. ஒருநாள் தலை தற்செயலாகத் தாழ்ப்பாளுக்கு அடியில் போக, கதவு திறந்துகொண்டது. அதன்பின் மெல்ல மெல்ல வீண் அசைவுகள் குறைந்து, நேராகத் தாழ்ப்பாளுக்கே போகக் கற்றது. எளிய விளக்கம் போதுமென்றால் பெரிய மனத்திறனைக் கொண்டுவராதே என்று 1894இல் அவர் வகுத்த விதி இன்றும் விலங்கு நடத்தை ஆய்வில் பேசப்படுகிறது. முடிவை மட்டும் பார்ப்பவருக்குக் கதை பெரிதாகத்தான் தெரியும்.

கூடத்துமூலை:
இடையில் ஒரு வார்த்தை. இரண்டு பேரும் முக்கியமான உண்மையை விட்டுவிட்டீர்கள். செம்மஞ்சள் பூனைகளுக்கு மூளை கிடையாது. எங்கள் வீட்டுப் பூனை கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறது என்பதைத் தினமும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது. லாப்ரடார் என்றால் சாது, பொமரேனியன் என்றால் கோபம். இனமும் நிறமும் தெரிந்தால் குணம் தெரிந்துவிடும்.

நாலுகால்நேசன்:
இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2022இல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, மரபணுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். தனித்தனி நாய்களுக்கு இடையே உள்ள நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. அதாவது உங்கள் லாப்ரடார் முதலில் ஒரு தனி நாய், பிறகுதான் லாப்ரடார். நான் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மருந்துவாசனை:
கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். செம்மஞ்சள் நிறத்துக்கு வழிசெய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் அந்த மரபணு இருந்தாலே போதும்; பெண்ணுக்கு இரண்டு எக்ஸிலும் இருக்க வேண்டும். அதனால் அந்த நிறப் பூனைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு ஆண். ஆண் பூனைகளின் துடுக்குத்தனத்தைப் பார்த்துவிட்டு நிறத்தின்மேல் பழி போடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கண்ணாடிக் கதவு விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை.

மிளகு, சுண்டு பற்றி ஒன்று. ஒரே ஈறு என்றால் ஒரே தகப்பன் என்று நினைக்க வேண்டாம். தாய்ப்பூனை ஒரே பருவத்தில் பல ஆண்களோடு சேரும். ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பனின் குட்டிகள் பிறக்கும். இணக்கமான தகப்பனுக்குப் பிறந்த குட்டிகள் புதியதை அணுகுவதில் துணிச்சல் காட்டுகின்றன என்று 1990களிலேயே ஆய்வு வந்துவிட்டது. தகப்பன் குட்டியை வளர்ப்பதே இல்லை, ஆனாலும் வந்துவிடுகிறது. இன்னொன்று, பிறந்து இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டதா என்பது. எந்தக் குட்டி தாயின் அடியில் ஒதுங்கியே கிடந்தது, எதை எல்லோரும் எடுத்துக் கொஞ்சினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

படுக்கையை நனைப்பதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். பூனை வழக்கமான இடத்தை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழித்தால் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி பூனைகளில் சாதாரணம். மன அழுத்தத்தால் அது கிளர்ந்தெழும். ஆண் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் நின்றால் அன்றைக்கே ஓடி வாருங்கள், அடைப்பு உயிரைக் கொண்டுபோய்விடும். "கோபத்தில் செய்கிறது" என்று நாள் கடத்திவிட்டுக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

மழைமேகம்:
மிளகைப் பரிசோதித்தாயிற்று, நோய் எதுவும் இல்லை என்றார்கள். அதனால்தான் இங்கே வாதாடுகிறேன். சரி, பழிவாங்கல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் நான்கு படுக்கைகள் இருக்கின்றன. என் படுக்கை மட்டும் ஏன்? தம்பியின் படுக்கை கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை. மிளகை அதிகம் தூக்கிக் கொஞ்சுகிறவள் நான். வேண்டியவர்மேல்தானே கோபம் வரும்?

குறுக்குக்கேள்வி:
நல்ல கேள்வி. 2002இல், பிரிவைத் தாங்காத 136 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தவற்றில் நான்கில் மூன்று பங்கு, வளர்ப்பவரின் படுக்கையில் மட்டுமே கழித்தன. உங்கள் வாசனை மிகுந்திருக்கும் இடம் அது. பதற்றத்தில் இருக்கும் பூனை உங்கள் வாசனையோடு தன் வாசனையைச் சேர்த்துக்கொள்கிறது என்பது நடத்தை வல்லுநர்கள் பலரும் சொல்லும் விளக்கம். உங்கள் மூக்குக்கு அது அவமதிப்பு. பூனைக்கு அது ஆறுதலாக இருக்கலாம்.

நாலுகால்நேசன்:
அப்படிப் போடுங்கள்! "தீனிக்காகச் சுற்றுகிறது" என்று ஆரம்பித்த கட்சி, "இவள் இல்லாமல் பூனையால் இருக்க முடியவில்லை" என்று வந்து நிற்கிறது. மழைமேகம் சொன்னதைவிட இது பெரிய மனமல்லவா?

குறுக்குக்கேள்வி:
கட்சி மாறவில்லை. பழிவாங்கல் என்று நினைத்தவர் பூனையைத் தண்டிப்பார், பதற்றம் கூடும், மறுமுறை இன்னும் நனையும். பிரிவுத் தவிப்பு என்று பார்த்தவர் வேறு வழி தேடுவார். பெயர் தவறானால் வைத்தியமும் தவறும். இந்தக் 'குணச்சித்திரம்' எழுதும் பழக்கத்தை நான் எதிர்ப்பது அதனால்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. காக்கையிடம் குஞ்சுக்கு நற்சான்று கேட்கக் கூடாது.

கண்ணாடித்தொட்டி:
நாய், பூனை மட்டும்தான் வீட்டுப் பிராணியா? என்னிடம் கப்பி மீன்கள் இருக்கின்றன. தொட்டிக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் ஒன்றிரண்டு முன்னால் வந்து பார்க்கும், மற்றவை பின்னால் நிற்கும். எப்போதும் அதே ஒன்றிரண்டுதான். கப்பி மீன்களில் இந்தத் துணிச்சலை 1990களில் அளந்தே இருக்கிறார்கள். கொன்று தின்னும் மீனை அருகே போய் நோட்டம் பார்க்கும் கப்பிகள்தான் அதிகமாக அதற்கு இரையாயின. மீனுக்கே குணம் உண்டு, அதற்கு விலையும் உண்டு. இங்கே நடிப்பு இல்லை, கொஞ்சல் இல்லை, நான் பெயர்கூட வைக்கவில்லை.

குறுக்குக்கேள்வி:
இதுதான் எனக்கு வேண்டிய வகைச் சான்று. எது முன்னால் வந்தது, எத்தனை முறை வந்தது என்று சொல்கிறீர்கள். எதற்காக வந்தது என்று கதை கட்டவில்லை.

நாலுகால்நேசன்:
கதை கட்டாதவர் கவனிக்கவும் மாட்டார் என்பது என் அனுபவம். பூனை தன் பெயரை அறியும் என்று வளர்ப்பவர்கள் காலகாலமாகச் சொன்னார்கள், சிரித்தீர்கள். 2019இல் ஜப்பானில் சோதித்தபோது, அறியாத குரலில் கூப்பிட்டாலும் வீட்டுப் பூனைகள் தம் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறிந்தன. கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பூனையும் அப்படியே செய்யும் என்றார்கள், அதற்கும் சிரித்தீர்கள். 2020இல் இங்கிலாந்தில் அதுவும் உறுதியானது. தீனி கேட்கும்போது பூனையின் 'குர்குர்' சத்தம் வேறு மாதிரி ஒலிக்கும் என்றார்கள். 2009இல் பதிவு செய்து பார்த்தால், அந்தக் 'குர்குர்' சத்தத்துக்குள் அழுகைபோல உயர்ந்த ஒரு சுருதி ஒளிந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்கள் காதுக்கும் அது அவசரமாகக் கேட்டது. வீட்டுக் கூடத்தில் முதலில் தெரிந்ததைத்தான் நீங்கள் பிறகு அளக்கிறீர்கள்.

மருந்துவாசனை:
இந்த ஒன்றில் நாலுகால்நேசன் பக்கம் சாய்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் மிகவும் பயன்படுகிற தகவல் தருகிறவர்கள், பிராணியின் கிறுக்குத்தனங்களை ஒப்பிக்கிறவர்கள்தான். "தினமும் ஜன்னல் விளிம்பில் ஏறுவாள், இப்போது நாற்காலியில் ஏறி அங்கிருந்து தாவுகிறாள்" என்று ஒருவர் சொன்னால் மூட்டுகளைச் சோதிக்கத் தோன்றும். "வயதானவன், திடீரென்று குட்டிபோல் ஓடுகிறான், நன்றாகத் தின்கிறான், ஆனால் மெலிகிறான், இரவில் கத்துகிறான்" என்றால் தைராய்டைச் சோதிப்போம். பூனை வலியை மறைப்பதில் கைதேர்ந்தது. வழக்கம் தெரியாதவருக்கு மாற்றமும் தெரியாது.

"வயதாகிவிட்டது, குணம் கெட்டுவிட்டது" என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். குணம் அப்படித் திடீரென்று கெடாது.

மழைமேகம்:
குறுக்குக்கேள்வி அவர்களே, உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு சோதனை செய்தேன். தம்பியை விட்டு என் செருப்பில் ஒன்றைக் கூடத்தின் நடுவில் போடச் சொன்னேன். கருப்பன் அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் இறங்கி வந்ததும் இடுப்பில் கை வைத்து, "யார் செய்தது?" என்றேன். காது மடங்கியது, முகம் திரும்பியது, வால் தரையில் தட்டியது. ஒன்றுமே செய்யாத நாய்!

அந்த ஆய்வு சரிதான் போலிருக்கிறது. ஆனால் பக்கத்தில் நின்ற தம்பியும் அதே முகத்தை வைத்துக்கொண்டான். செருப்பைப் போடச் சொன்னதே நான்தான். இப்போது அவனுக்கும் குற்ற உணர்வு கிடையாது என்று முடிவு கட்டிவிடலாமா?

குறுக்குக்கேள்வி:
தம்பியிடம் கேட்டால் வாயைத் திறந்து சொல்வான். கருப்பன் சொல்ல மாட்டான். என் வாதம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

நாலுகால்நேசன்:
தம்பி உண்மையைத்தான் சொல்வான் என்று யார் சொன்னது? செருப்பு விஷயத்தில் நான் கருப்பனைத்தான் நம்புவேன்.

கூடத்துமூலை:
இப்போதுதான் எங்கள் பூனை மறுபடியும் கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டது. ஆண்தான்.